சோபாக்காரர் தலை குறித்து ஒரு சிறப்புக் கூட்டம்

யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் பி பிளாக் லிப்டைப் பார்த்தபடி இருக்கிறது. அது கட்டினவர் செய்த வேலை, என் வேலை அல்ல. பாத்திரம் கழுவும்போது கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்?

முடிதிருத்தும் கடைகள் மூடி அன்றைக்கு எண்பத்தேழு நாள். நோய் பரவினாலும் பரவியது, எங்கள் வளாகத்து ஆண்கள் எல்லாரும் ஒரே சாடையில் ஆகிவிட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாருடைய கணவர் என்று தெரியாது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான சங்கச் செயலாளர் தன் மகளுடைய பட்டாம்பூச்சி கிளிப்பைக் குத்திக்கொண்டு குப்பை கொட்டப் போவார். மருந்துக்கடை வைத்திருக்கும் பொருளாளருக்கு அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரி வைத்ததில் பின்மண்டையில் மூன்று படிக்கட்டு விழுந்தது. சங்கத் தலைவருக்கோ சாயம் அடிக்க ஆள் வரவில்லை. அவர் முடியில் கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தை அளந்தால் ஊரடங்கு எத்தனை நாள் என்று சொல்லிவிடலாம்.

என் வீட்டுக்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். நாற்பதாவது நாளில் அவரைச் சமையலறையில் உட்கார வைத்து நானே வெட்டினேன். பாதியில் லிப்ட் திறந்தது. ஒரு நொடி பார்த்தேன். ஒரு நொடிதான். காதில் சின்னக் கீறல். அதற்குப் பிறகு நான் கத்தரியைக் கையில் எடுத்தாலே, கறிவேப்பிலை நறுக்கத்தான் என்றாலும், மனிதர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

இப்படி எல்லாரும் ஒரே மாதிரி கெட்டுப்போயிருந்ததால் வளாகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிக்குள்தான் சோபாக்காரர் லிப்டிலிருந்து இறங்கினார்.

சோபாக்காரர் பி பிளாக் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர். சோபா விற்கும் கடையில் வேலை. கடை மூடியிருந்ததால் இப்போது வீட்டிலிருந்தே வீடியோவில் வாடிக்கையாளர்களுக்குச் சோபா காட்டுகிறார். பேசினால் சோபாவில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், அவ்வளவு மெதுவான மனிதர். அன்றைக்குக் கையில் குப்பைப் பை. முகக்கவசம். அதற்கு மேலே ஒரு தலை.

என்ன தலை! காதுக்கு மேலே ஒரு கோடு இழுத்த மாதிரி. பிடரியில் படிப்படியாகக் குறைந்து, கழுத்தோடு கரைந்து போயிருந்தது. கிருதா இரண்டும் ஒரே உயரம். நடக்கும்போது ஒரு முடி அசையவில்லை. என் கையிலிருந்த கரண்டி தொட்டிக்குள் விழுந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. வளாகத்து வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "பி பிளாக்கில் ஒருவர் முடி வெட்டிக்கொண்டுவிட்டார் போல. வாழ்த்துகள்." வாழ்த்துகள் என்றுதான் போட்டேன். கால் மணி நேரத்தில் அறுபத்தொரு பதில்.

"யாரு?"

"எங்க வெட்டினார்?"

"யார் உள்ளே விட்டது?"

"நமக்கு மட்டும் கட்டுப்பாடு, சில பேருக்குக் கத்தரியா?"

கடைசியாகத் தலைவர்: "சங்கம் இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்கிறது. யாரும் பொறாமைப்பட வேண்டாம். விசாரணை நடக்கும்."

தலைவர் எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தராசுக்கு முத்திரை குத்திய கை. வீட்டில் பால் பாக்கெட் வந்தால்கூட நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் காய்ச்சுவார்களாம், தலைவர் வீட்டம்மாவே சொன்னது. ஒரு மனிதர் திடீரென்று மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதை அப்படிப்பட்டவரால் எப்படிப் பொறுக்க முடியும்?

சிறப்புக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. ஆறடிக்கு ஒரு நாற்காலி. நாற்காலி கிடைக்காதவர்கள் அவரவர் பால்கனியில். சோபாக்காரருக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பற்றித்தான் கூட்டம் என்று நினைத்து வந்திருக்கிறார் பாவம். கையில் ஒழுகும் குழாயின் போட்டோ.

தலைவர் மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே, எனக்கு இவர் மேல தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்ல. இவர் முடி வெட்டினதுல எனக்குப் பொறாமையும் இல்ல. ராத்திரி தூக்கம் வரல, அது வேற விஷயம். என் கவலை சமநிலை. தராசுல ஒரு தட்டுல இருந்து கொஞ்சம் எடுத்தீங்கன்னா இன்னொரு தட்டு தானா கீழ இறங்கும். நேத்து வரைக்கும் என் முடி என் முடியா இருந்துச்சு. இவர் தலையைப் பாத்த பிறகு அது ஜாஸ்தி முடியா ஆயிடுச்சு. நான் ஒண்ணுமே செய்யல, ஆனா எனக்கு நஷ்டம். இது நியாயமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை.

செயலாளர் வாசல் பதிவேட்டைப் புரட்டினார். எண்பத்தேழு நாளில் கேட்டைத் தாண்டி வந்தவர்கள்: பால்காரர், கேஸ்காரர், லிப்ட் மெக்கானிக், ஒரு பூனை. முடிதிருத்துபவர் எவரும் இல்லை.

"அப்ப யார் சார் வெட்டினது?" என்றார் செயலாளர்.

"என் வொய்ஃப்தான் சார்," என்றார் சோபாக்காரர்.

நாற்பத்தெட்டு வீடும் சிரித்தது.

பொருளாளர் எழுந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பின்மண்டையில் இருந்த மூன்று படிக்கட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இது வொய்ஃப் வெட்டினது. இதுக்குப் பேருதான் வொய்ஃப் வெட்டினது. அவர் தலை வேற ஏதோ."

மேலே இரண்டாவது மாடியிலிருந்து பொருளாளர் மனைவியின் குரல் வந்தது. "நிமிஷத்துக்கு ஒரு தடவை தும்மிக்கிட்டே இருந்தா கை எப்படிங்க நிக்கும்? நான் என்ன மெஷினா?"

"தும்மல் நானா வரவழைக்கிறேன்?"

"வெட்டறப்ப மட்டும் எப்படி வருது?"

செயலாளர் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. ஆனால் எல்லா மனைவிகளும் கவனித்தோம். சோபாக்காரர் மனைவி வெட்டினதுதான் என்று ஒப்புக்கொண்டால், நாங்கள் வெட்டினது எல்லாம் என்ன? அதனால் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும்தான்.

ஆனால் எனக்கு உண்மை தெரியும். சோபாக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தபோது அவர் பிடரிக்குக் கீழே, சட்டைக் காலரை ஒட்டி, நீல நிறத்தில் ஒரு சின்னக் கோட்டைப் பார்த்தேன். தையற்காரர்கள் துணியில் அடையாளம் போடுகிற சாக்பீஸ். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர், டெய்லரம்மா என்று வளாகத்தில் எல்லாருக்கும் தெரியும். என் ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தந்திருக்கிறார், ஏன் பிரிக்க வேண்டியிருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கையைத் தூக்கி "அங்க பாருங்க, சாக்பீஸ்" என்று சொல்லியிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். தூக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன், சோபாக்காரரைப் பார்த்தேன், கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, விசாரணை முடியும்வரை சோபாக்காரர் பொது இடங்களில் தலையை மூட வேண்டும், மற்றவர்கள் மனம் புண்படாமல் இருக்க. இதற்காகச் சங்கத்து ஸ்டோர் ரூமில் இருந்த பழைய கம்பளிக் குல்லா ஒன்று ரசீது போட்டு வழங்கப்பட்டது. இரண்டு, அவர் முடி வளாகத்தின் சராசரி நீளத்துக்கு வளர்ந்த பிறகு குல்லாவைத் திருப்பித் தரலாம். மூன்று, அதுவரை அவருக்குச் சங்கம் எந்தக் கடிதமும் தராது.

மூன்றாவதைக் கேட்டதும் சோபாக்காரர் முகம் குல்லாவுக்குள் சுருங்கியது.

"சார், இந்த மாசக் கடைசியில என் வாடகை ஒப்பந்தம் முடியுது. சங்கத்துகிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் இருந்தாத்தான் வீட்டு ஓனர் புதுப்பிப்பார். இந்த நேரத்துல நாங்க எங்க சார் வீடு தேடறது? ஊரே மூடிக் கெடக்கு."

"கடிதம் தர மாட்டோம்னு யார் சொன்னது?" என்றார் செயலாளர் கனிவாக. "நிபந்தனைகளுக்கு உட்பட்டு தருவோம். முடி வளரட்டும்."

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சராசரி எடுக்க அளக்க வேண்டும். தலைவர் தன் அலுவலகத்து ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டு வந்தார். அது மண்டையின் வளைவுக்கு வளையவில்லை. துணி டேப் வேண்டும். வளாகத்திலேயே டேப் இருந்தது ஒரே வீட்டில்.

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். டெய்லரம்மா திறந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

"சுருட்டித் திருப்பிக் கொடுங்க சார். மடிக்காதீங்க, கோடு விழுந்துடும்."

இதை நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். லிப்ட் அன்று வேலை செய்யவில்லை. எனக்கு மூன்றாவது மாடியில் ஒரு வேலை இருந்தது.

இரண்டு நாள் அளந்தார்கள். நூற்றைம்பத்தொரு தலை. பெண்களையும் சேர்க்க வேண்டுமா என்று பொருளாளர் கேட்டதற்குத் தலைவர், "சமத்துவம்னா எல்லாரும்தான்," என்றுவிட்டார். என் பின்னலைப் பிரிக்கச் சொல்லி அளந்தார்கள். ஏ பிளாக் நான்காவது மாடியில் ஒரு வழுக்கைத் தலை வக்கீல் இருக்கிறார். அவர் அளவு பூஜ்யம். கட்டுப்பாட்டுக்கு முன்மாதிரி என்று அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. சும்மா இருந்ததற்கு ஒரு சான்றிதழ்!

சராசரி பதினான்கு அங்குலம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இருக்கிற ஒரு அங்குலம் போக, மாதத்துக்கு அரை அங்குலம் வளர்ந்தால் சோபாக்காரர் இரண்டு வருஷம் இரண்டு மாதம் குல்லா போட வேண்டும் என்று செயலாளர் அடியில் சிவப்பு மையில் கணக்குப் போட்டிருந்தார்.

சோபாக்காரர் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. "பதினாலு அங்குலமா? எனக்குப் பின்னலா போடச் சொல்றாங்க?" என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளி, "எனக்கும் அளந்தாங்க சார், ஆறரை," என்றார்.

மறுநாள் டெய்லரம்மாவே கீழே இறங்கி வந்தார். டேப்பைத் திருப்பி வாங்க வந்தார் என்று நினைத்தேன். தலைவர் டேப்பை மடித்துத்தான் வைத்திருந்தார். டெய்லரம்மா அதை வாங்கி, கோட்டை விரலால் நீவிக்கொண்டே கேட்டார். "சார், நான் வெட்டிக் காட்டினா நம்புவீங்களா?"

சங்கம் அவசரமாகக் கூடியது. செயல்முறை விளக்கம் நடத்துவது என்று தீர்மானம். ஒழுங்காக வெட்டினால் கடிதம். கோணலானால் கடிதம் இல்லை, வெளியாளை உள்ளே விட்டதாகப் புகார். வெட்டுவதற்கு ஒரு தலை வேண்டும். அபாயகரமான பொறுப்பு, முன்வருபவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரும். துண்டோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உறுப்பினர்களை ஆபத்துல தள்ள என் மனசு ஒப்பல. நானே உக்காந்துக்கறேன்," என்றார்.

அன்று மாலை பொத்தான் ஒன்று பிய்ந்த ரவிக்கையோடு மூன்றாவது மாடிக்குப் போனேன். பொத்தான் எப்படிப் பிய்ந்தது என்று கேட்காதீர்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதன் முதுகில் ஒரு பழைய வேட்டி, இரண்டு துணிக் கிளிப். அங்கேதான் வெட்டியிருக்கிறார். சோபாக்காரர் உள்ளறையில் யாருக்கோ வீடியோவில், "இது உள்வாங்கும் மேடம், உக்காந்தா எழுந்திருக்கவே தோணாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க," என்றேன் நான், குரலைத் தாழ்த்தி. "நல்லா வெட்டினீங்கன்னா நாளைக்கு நாப்பத்தெட்டு வீடும் உங்க வாசல்ல வந்து நிக்கும். மாசாமாசம் வெட்டச் சொல்லுவாங்க, வளாகத்துச் சேவைன்னு. கெடுத்தீங்கன்னா கடிதம் போச்சு, வீடு போச்சு."

"தெரியும் அக்கா." பல்லால் நூலைக் கடித்தார்.

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"துணியைப் பாத்துட்டுத்தான் அக்கா எதையும் சொல்ல முடியும்."

"எப்படிங்க உங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு நேரா வந்துச்சு? என்னதான் ரகசியம்?"

"என்ன ரகசியம்? உக்காருங்கன்னு சொன்னேன், உக்காந்தார். கண்ணை மூடிக்கிட்டார். பாதியில தூங்கிட்டார். தலை முன்னாடி விழாம ஒரு கையால தாங்கிக்கிட்டு இன்னொரு கையால வெட்டினேன். அவ்வளவுதான்."

பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். நான் படியிறங்கி வந்தேன். கத்தரி வைத்திருக்கிறவள் முன்னால் ஒரு மனிதர் தூங்கியிருக்கிறார்! இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கார் நிறுத்துமிடம். தலைவர் நடுவில் உட்கார்ந்தார். டெய்லரம்மா கத்தரி, சீப்பு, டேப், நீலச் சாக்பீஸ், அளவு நோட்டு எல்லாம் கொண்டு வந்தார். சோபாக்காரர் குல்லாவோடு நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

டெய்லரம்மா தலைவரின் மண்டையைச் சுற்றி டேப்பை வைத்தார். "இருபத்திரண்டேகால். காதுக்குக் காது பதிமூணு. பிடரி ஆறு." சோபாக்காரர் எழுதினார். அளக்கப்படுவதில் தலைவருக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லூஸா வேணுமா சார், பிடிச்ச மாதிரி வேணுமா?"

"நடுத்தரமா."

"காதுக்கு மேல அரை இஞ்ச் உள்ள விட்டு வெட்டறேன். பின்னாடி வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"செய்யுங்க," என்றார் தலைவர் கம்பீரமாக. முடியை எப்படிப் பிரித்து விடுவது என்று நூற்றைம்பத்தொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

நெற்றியிலிருந்து பிடரிவரை உச்சி வழியாக ஒரு நீலக் கோடு இழுத்தார். தலைவர் திரும்பிச் செயலாளரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டெய்லரம்மா இரண்டு விரலை அவர் மோவாய்க்குக் கீழே வைத்து, "ஆடாதீங்க," என்றார். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்கே அடங்காதவர் என்று சொல்லிக்கொள்கிற மனிதர், சிலையானார். மேலே பால்கனியில் தலைவர் வீட்டம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

பிறகு கத்தரிச் சத்தம்தான். வலது பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கொத்துக் கொத்தாக விழுந்தன. காதுக்கு மேலே அந்தக் கோடு வந்தது. பிடரி அதே மாதிரி கழுத்தோடு கரைந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது, நூற்றைம்பது பேர் ஒரே நேரத்தில் பசியோடு விடுகிற மூச்சு. செயலாளர் பட்டாம்பூச்சி கிளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டெய்லரம்மா தலைவர் மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியை எடுத்து உதறினார். கத்தரியைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

"ட்ரையல் முடிஞ்சுது சார்."

பொருளாளர் கண்ணாடியை நீட்டினார். தலைவர் பார்த்தார். வலது பக்கம் நாற்பது வயது மாப்பிள்ளை. நீலக் கோட்டுக்கு இடது பக்கம், மூன்று மாத முடி அப்படியே காதை மூடிக்கொண்டு தொங்கியது.

"மீதி?"

"மீதி டெலிவரி அன்னிக்கு சார்."

"டெலிவரி என்னிக்கும்மா?"

"கடிதம் என்னிக்கோ அன்னிக்கு."

"இது மிரட்டல்!" என்று எழுந்தார் தலைவர். எழுந்ததில் இடது பக்க முடி மட்டும் காற்றில் பறந்தது.

"ஐயோ, மிரட்டல் எல்லாம் இல்ல சார். எங்க தொழில்ல வழக்கம் இது. ட்ரையல் போட்டுப் பாத்து, சரியா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் முழுசா முடிப்போம். எல்லா டெய்லரும் இப்படித்தான்."

"விதிப்படி கடிதம் தயாராகப் பதினஞ்சு வேலை நாள் ஆகும்," என்றார் செயலாளர்.

"பதினஞ்சு நாளா?" தலைவர் குரல் உடைந்தது. "இப்படியேவா? நாளைக்கு எனக்கு ஓய்வூதியர் சங்கத்து வீடியோ மீட்டிங் இருக்குய்யா! போய் எழுதுய்யா!"

கடிதம் பதினோரு நிமிஷத்தில் வந்தது, முத்திரையோடு. டெய்லரம்மா அதை வாசித்தார். "ஒரு வரி சேத்துடுங்க சார். மனைவி கணவனுக்கு முடி வெட்டுவது வீட்டு விஷயம், அதில் சங்கத்துக்கு முன்பும் இப்போதும் இனிமேலும் ஆட்சேபணை இல்லை." சேர்த்தார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டார். சோபாக்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

இடது பக்கமும் முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தார்.

அவர் எழுந்தபோது பின்னால் ஒரு வரிசை உருவாகியிருந்தது. முப்பது பேர், அவரவர் ஸ்டூலோடு. முதலில் செயலாளர். நாலாவதாக என் வீட்டுக்காரர், துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி. டெய்லரம்மா கத்தரியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

தலைவரும் பார்த்தார். கையில் கண்ணாடி இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், நிமிர்ந்து அந்த முப்பது தலையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்ததை நான் நன்றாக அடையாளம் கண்டுகொண்டேன். எனக்குப் பழக்கமானதுதான்.

"நண்பர்களே," என்றார், மைக்கை எடுத்து. "ஒரு நிமிஷம். உணர்ச்சிவசப்படாம யோசிங்க. இது குடியிருப்பு. இங்க ஆளாளுக்கு ஸ்டூல் போட்டு உக்காந்தா இது என்ன சலூனா? எல்லாரும் ஒரே மாதிரி நல்லா வெட்டிக்கிட்டா அப்புறம் நல்லா வெட்டினதுக்கு என்ன மரியாதை? அதாவது, வளாகத்தோட மரியாதையைச் சொல்றேன். குடும்பத்துக்கு வெளியே ஒருத்தருக்கொருத்தர் முடி வெட்டறதை இந்தச் சங்கம் தடை செய்யுது. மீறினவங்களுக்கு அதே குல்லா, அதே பதினாலு அங்குலம்."

வரிசையில் யாரும் அசையவில்லை. செயலாளர் மட்டும் மெதுவாகத் தீர்மான நோட்டைத் திறந்தார். அவ்வளவு இனிமையான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நல்ல தீர்மானம் சார். எந்தத் தேதியிலேர்ந்து அமல்னு போடட்டும்?"

"ஊரடங்கு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து போடுய்யா. திருட்டுத்தனமா வெட்டினவன் ஒருத்தனும் தப்பக் கூடாது."

"எண்பத்தேழு நாளா?"

"இன்னியோட தொண்ணூத்தஞ்சு. சரியா எழுது."

சரியாக எழுதினார். படித்துக் காட்டினார். அன்றைக்குச் சங்கத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் இல்லாத ஒற்றுமை, ஸ்டூலைத் தூக்கி ஆட்டியே ஆதரவு தெரிவித்தார்கள். முத்திரை விழுந்தது.

"அப்ப சார்," என்றார் செயலாளர், "குடும்பத்துக்கு வெளியே ஒருத்தர்கிட்ட இந்தத் தொண்ணூத்தஞ்சு நாளுக்குள்ள முடி வெட்டிக்கிட்டவங்கன்னு பாத்தா, அரை மணி நேரத்துக்கு முன்னாடி..."

தலைவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "சோபாக்காரர் இருக்காரே!"

"அவருக்கு வீட்டு விஷயம் சார். கடிதத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. முன்பும் இப்போதும் இனிமேலும்."

பொருளாளர் சோபாக்காரர் தலையிலிருந்து குல்லாவை மரியாதையாகக் கழற்றினார். உதறினார். ரசீதில் பெயரை மாற்றினார். தலைவருக்கு அது கொஞ்சம் இறுக்கம். இருபத்திரண்டேகால் என்று அளவு நோட்டில் இருந்தும் யாரும் பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து முடிதிருத்தும் கடைகள் திறந்தன. எல்லாரும் போனார்கள். வளாகமே மறுபடி யார் யாருடைய கணவர் என்று தெரிகிற மாதிரி ஆயிற்று. தலைவர் மட்டும் போகவில்லை. வெட்டினால் பதினான்குக்கு இன்னும் நாளாகும். கம்பளிக் குல்லாவோடு காலையில் நடைப்பயிற்சி போகிறார், மாதத்தில் முதல் தேதி செயலாளர் டேப்போடு வருகிறார். நாலரை வரை வந்திருப்பதாகக் கேள்வி.

சோபாக்காரரும் முடி வெட்டக் கடைக்குப் போகவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு மூன்றாவது மாடி ஜன்னலில் அந்த நாற்காலியின் முதுகு தெரியும். கத்தரிச் சத்தம் கேட்கும், நடுநடுவே டெய்லரம்மாவின் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நிற்கும், கத்தரிச் சத்தம் மட்டும் நிதானமாக வரும். மனிதர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் கடை திறந்த முதல் நாளே போய் நின்றார். ஒழுங்காக வெட்டிக்கொண்டு வந்தார். "ஆடாம அசையாம உக்காந்தீங்க சார்னு கடைக்காரரே சொன்னார்," என்று பெருமை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க மட்டும் ஆடாம உக்காரத் தெரியுதோ? அவர் கையில இருந்ததும் கத்தரிதான், என் கையில இருந்ததும் கத்தரிதான்."

அவர் கண்ணாடியில் பிடரியைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "அவர் கையில கத்தரி இருந்துச்சு, கண்ணு என் தலையில இருந்துச்சு. உன் கையில கத்தரி இருந்துச்சு. கண்ணு பி பிளாக்ல இருந்துச்சு."

துண்டை எடுத்து, அவர் காலரில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட ஆரம்பித்தேன். மனிதர் கொஞ்சம் தயங்கினார், பிறகு தலையைக் குனிந்து காட்டினார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

அப்போது லிப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யாரோ இறங்கினார்கள். இரண்டு பேர், ஒன்று புதுக் குரல்.

நான் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே துண்டால் தட்டினேன். ஆறுவரை எண்ணினேன்.